9 மாத ஊசி வரும் புதன்கிழமை. அத்தையின் வாட்ஸ்அப்புக்கு என்ன பதில் சொல்வது?

மேலூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் போன வாரம் 9 மாதம் முடிந்தது. வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். பிறந்த அன்று போட்டதில் இருந்து மூன்றரை மாத ஊசி வரை ஒன்றும் தவறவில்லை, எல்லாவற்றுக்கும் என் அத்தைதான், அதாவது மாமியார்தான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அவரே "இது வேண்டாம்மா, கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்கிறார்.

அவரை விவரம் தெரியாதவர் என்று தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போலியோ சொட்டு மருந்துக்கு நடந்தே போய்வந்தவர் அவர். மாறியது 2021-இல். அவருடைய தம்பி, என் கணவருக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமா, அந்த ஜூனில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டார். நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 52, சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். "நான்தான் அவனை ஊசி போடச் சொல்லி விரட்டினேன்" என்று அத்தை இன்றுவரை அழுகிறார்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் குழுவில் எது வந்தாலும் அவருக்கு அது மாமாவைப் பற்றிய செய்தியாகவே தெரிகிறது. ஊசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு வருடத்தில் சாவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி சொன்னாராம். நடிகர் விவேக் ஊசியால்தான் செத்தாராம். ஊசி போட்ட கையில் காந்தம் போலக் கரண்டி ஒட்டும் வீடியோ. கோவிஷீல்டு கம்பெனியே ரத்தம் உறைவதைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட செய்தி. கடைசியாக வந்தது, இந்தத் தட்டம்மை ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும், வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்று.

எனக்கு ஊசி போட வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. வீட்டுக்காரரும் என் பக்கம்தான். ஆனால் அத்தைக்குத் தெரியாமல் போடவோ அவரை மீறிப் போடவோ மனம் வரவில்லை. இதில் எது உண்மை, எது பொய் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தால் உட்கார்ந்து பேசுவேன். எல்லாமே பொய் என்று ஒரே வரியில் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அந்தக் கோர்ட் செய்தி பேப்பரிலேயே வந்ததே, அது எப்படிப் பொய்யாகும்?

புதன்கிழமை செவிலி:

தங்கச்சி, நான் 22 வருடமாகக் கிராம சுகாதார செவிலியர். உங்கள் அத்தை மாதிரி எத்தனையோ அம்மாக்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். மற்ற கேள்விகளுக்கு வேறு யாராவது சொல்வார்கள், நான் இந்த ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டில் தடை என்பது சுத்தப் பொய். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி உலகம் முழுக்கப் போடப்படுகிறது, பணக்கார நாடுகளில் பொன்னுக்கு வீங்கி மருந்தையும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதே புரளி 2017 பிப்ரவரியிலும் வந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் போட வேண்டும் என்று முகாம் தொடங்கினோம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம், வெளிநாட்டுச் சதி என்று ஒரு குரல் பதிவு வந்தால் போதும், மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் நின்று பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். "மலட்டுத்தன்மை வரும்" என்றார்கள், "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி" என்றார்கள். கடைசியில் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஆண் பிள்ளைக்கும் ஏன் என்றால், அவனுக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும், ஆனால் அவன் பக்கத்தில் கர்ப்பமான சித்தியோ டீச்சரோ இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் காது கேட்காமலும் கண்புரையோடும் இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கிற ஆபத்து உண்டு.

இப்போது உண்மையான ஒன்றைச் சொல்கிறேன், இதை அத்தையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு சின்னத் தீவு நாடு, மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே இந்தத் தட்டம்மை வகை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடத்தில் இறந்துபோனார்கள். ஊரே நடுங்கிப்போனது. காரணம் என்ன தெரியுமா? இந்த மருந்து குப்பியில் காய்ந்த பொடியாகத்தான் வரும், கூடவே வரும் கரைப்பு நீரை ஊற்றித்தான் கலக்க வேண்டும். அங்கே செவிலியர்கள் அந்த நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான மருந்தை ஊற்றிக் கலந்துவிட்டார்கள். அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் அரசாங்கம் பல மாதம் ஊசியையே நிறுத்தி வைத்தது, அந்த இடைவெளியில் ஊசிக்கு எதிரானவர்கள் புகுந்து பேசினார்கள். ஊசி போட்ட குழந்தைகளின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

அடுத்த வருடம் 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள், செவிலியர்கள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக ஏறினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கைத்தவறில் இரண்டு குழந்தை, அந்தப் பயத்தில் எண்பத்து மூன்று உயிர்.

அதனால் புதன்கிழமை அத்தையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எந்தச் செவிலியரும் கோபப்படக் கூடாது. மூடியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும், உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். கலக்கிய நேரத்தைக் குப்பியிலேயே எழுதியிருப்பார்கள், நாலு மணி நேரம் தாண்டினால் மிச்சம் இருந்தாலும் போடக்கூடாது. ஊசி வலது மேல்கையில். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான், ஆனாலும் அதற்கான மருந்து எங்கள் மேசையில் தயாராக இருக்கும்.

காய்ச்சல் வரலாம். மற்ற ஊசி மாதிரி அன்றைக்கே இல்லை, 5-ஆம் நாளில் இருந்து 12-ஆம் நாளுக்குள். சில பிள்ளைகளுக்கு லேசாகத் தடிக்கும். சில ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரும், பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். அதே சமயம் தட்டம்மை வந்தால் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணல்வாரி, அதாவது இந்தத் தட்டம்மை, போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், காதுக்குப் பின்னால் தொடங்கிய தடிப்பு மார்பு வரை இறங்கியிருக்கும், மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகும். வேப்பிலை கட்டுங்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், நானும் ஊற்றுகிறவள்தான். ஊசியையும் போடுங்கள்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, உங்கள் அத்தைக்கு வந்த செய்திகள் எல்லாம் எங்கள் தெருவுக்கும் வந்தவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கரண்டியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக் கரண்டியில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத கரண்டி ஒருவர் கையில் ஒட்டுகிறது என்றால் அந்தக் கையில் இருப்பது காந்தம் இல்லை, வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். அதே கையில் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவிவிட்டு வைக்கச் சொல்லுங்கள், விழுந்துவிடும். நான் எட்டாம் வகுப்பில் செய்து காட்டினேன், ஊசியே போடாத மூன்று பையன்கள் நெற்றியில் ஐந்து ரூபாய்க் காசு ஒட்டியது.

இரண்டு வருடச் சாவு: அந்த விஞ்ஞானி லூக் மான்டக்னியர், எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 2008-இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். 2021 மே மாதம் அவர் பேட்டி ஒன்று பரவியது. அதில் அவர் சொன்னது, தடுப்பூசியால்தான் புதிய உருமாற்றங்கள் உருவாகின்றன என்று. அதுவே தவறு, ஏனென்றால் ஆல்பா, டெல்டா வகைகள் எல்லாம் பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கும் முன்பே, 2020-இலேயே தலைகாட்டியவை. ஆனால் இரண்டு வருடத்தில் சாவார்கள் என்று அவர் அதில் சொல்லவே இல்லை, யாரோ ஒட்டவைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது இரண்டாம் அலை, ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அந்த நேரத்தில் அதைப் படித்துவிட்டு ஊசி போடாமல் வீட்டில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. இந்தியாவில் 220 கோடி ஊசிக்கு மேல் போட்டிருக்கிறோம். 2023 மே மாதத்தோடு இரண்டு வருடக் கணக்கு முடிந்தது. அந்தச் செய்தியை அத்தைக்கு அனுப்பியவரும் ஊசி போட்டவராகத்தான் இருப்பார்.

விவேக் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலை மயங்கி விழுந்தார், 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். நான் அவருடைய ரசிகன். எனக்கும் அன்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது. அதற்குக் காரணமான கொழுப்புப் படிவு வருடக்கணக்காகச் சேர்வது, ஒரே நாளில் வருவது இல்லை. மத்திய அரசின் பின்விளைவு ஆய்வுக் குழுவும் விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு சொன்னது. இன்னொன்றைக் கவனியுங்கள்: அவர் போட்டது கோவாக்சின். கோர்ட்டில் ஒப்புக்கொண்டது கோவிஷீல்டு மருந்தை உருவாக்கிய கம்பெனி. இரண்டும் வேறு வேறு வகை. வாட்ஸ்அப்பில் இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

நம் ஊரில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள், அதாவது எந்த நாளை எடுத்தாலும் ஆயிரத்துக்கு மேல். 2021-இல் 60 வயது தாண்டியவர்கள், 45 தாண்டி நோய் உள்ளவர்கள் என்று பொதுமக்களில் முதலில் அவர்களுக்குத்தான் லட்சக்கணக்கில் போட்டார்கள். ஊசி போட்ட மறுநாளோ மறுவாரமோ சிலர் இறக்கத்தான் செய்வார்கள், ஊசியே இல்லாவிட்டாலும். காக்கைதான் தள்ளியதா என்று தெரிய வேண்டுமானால் காக்கை உட்காராத மரங்களையும் எண்ண வேண்டும். அதை எண்ணிப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நாடு முழுக்க 47 மருத்துவமனைகளில், திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள் 729 பேரையும், அதே வயதில் அதே பகுதியில் உயிரோடு இருக்கும் 2,916 பேரையும் ஒப்பிட்டது. இரண்டு டோஸ் ஊசி போட்டவர்களிடம் திடீர்ச் சாவு குறைவாகத்தான் இருந்தது. அதிகமாக இருந்தது கோவிட் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிடம், குடும்பத்தில் இப்படி இறந்தவர்கள் உள்ளவர்களிடம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களிடம்.

இப்போது கோர்ட் செய்தி. அது பொய் இல்லை. அந்த ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். ஆனால் அது 2024-இல் திடீரென்று அம்பலமான ரகசியம் இல்லை. 2021 மார்ச்சிலேயே டென்மார்க்கும் நார்வேயும் ஊசியை நிறுத்தி வைத்தன, ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து அமைப்பு இதைப் பக்கவிளைவாக அறிவித்தது. நம் நாட்டில் 2021 மே மாதம் வெளியிட்ட கணக்கில் சந்தேகத்துக்கு இடமானவை 26 பேர், பத்து லட்சம் ஊசிக்கு 0.61. இங்கிலாந்தில் 4, ஜெர்மனியில் 10 என்று அதே அறிக்கையில் இருந்தது. நம் ஊரில் எல்லாம் பதிவாகியிருக்குமா என்று கேட்டால், ஒருவேளை சில தவறியிருக்கலாம், அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்த நோய் வருவது ஊசி போட்ட முதல் சில வாரங்களுக்குள். ஐந்து மாதம் கழித்து, சர்க்கரை உள்ள 52 வயதுக்காரருக்கு வந்த மாரடைப்பு அது இல்லை.

உட்லண்ட்ஸ் வாசி:

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் போட்டது பெரும்பாலும் ஃபைசர், மாடர்னா. அதில் வேறொரு அரிய பக்கவிளைவு, இளம் ஆண்களுக்கு இதயத் தசையில் அழற்சி. 2021-இல் பதின்ம வயது மாணவர் ஒருவருக்கு முதல் ஊசி போட்டுச் சில நாளில், எடை தூக்கும் பயிற்சிக்குப் பிறகு இதயம் நின்று போனது, காப்பாற்றிவிட்டார்கள். ஊசி காரணமாக இருக்கலாம் என்று சுகாதார அமைச்சே சொல்லி 2,25,000 வெள்ளி இழப்பீடு கொடுத்தது. ஊசி போட்டால் ஒரு வாரம் ஓட்டம், ஜிம் எல்லாம் வேண்டாம் என்று எல்லாருக்கும் அறிவித்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்ததே அதற்குப் பிறகுதான். டி.என்.ஏ. மாறிவிடும் என்று வந்ததை நான் நம்பவில்லை, அந்த மருந்து செல்லின் கருவுக்குள்ளேயே போவதில்லை, சில நாளில் கரைந்துவிடும். கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகையே கிடையாது, ஆனாலும் அதே பயமுறுத்தல் அங்கேயும் சுற்றுவதாக அம்மா சொன்னார்.

தென்காசி தம்பி:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மருந்துக் கம்பெனிகள் கோவிட்டில் கோடி கோடியாகச் சம்பாதித்தது உண்மைதானே? அவர்கள் சொல்வதை அப்படியே நம்பச் சொல்கிறீர்களா? ஆட்டிசம் பற்றி ஒரு லண்டன் டாக்டரே ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார், அவருடைய லைசென்ஸைப் பிடுங்கி வாயை அடைத்துவிட்டார்கள்.

கணக்கு வாத்தியார்:

தம்பி, கம்பெனி சம்பாதித்தது உண்மை. பணம் எங்கே போகிறது என்று கேட்பதும் சரி. அதே கேள்வியை அந்த டாக்டரிடமும் கேளுங்கள்.

ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் எழுதிய அந்தக் கட்டுரையில் இருந்தது மொத்தமே 12 குழந்தைகள். ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடம் அவர் பணம் வாங்கிக்கொண்டிருந்தார், அது மொத்தத்தில் 4 லட்சம் பவுண்டைத் தாண்டியது, அந்தத் தொடர்பைக் கட்டுரையில் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடமே, தனியாக ஒரு தட்டம்மைத் தடுப்பு மருந்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். இதையெல்லாம் தோண்டி எடுத்தது மருந்துக் கம்பெனி இல்லை, பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர். குழந்தைகளின் மருத்துவக் குறிப்பில் இருந்ததும் கட்டுரையில் இருந்ததும் வேறு வேறாக இருந்தன. 2010-இல், அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் பெயரை மருத்துவப் பதிவேட்டில் இருந்து நீக்கினார்கள். அதோடு விட்டுவிடாமல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2019-இல் முடிவைப் போட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகள், போடாத பிள்ளைகள், ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

ஏன் பெற்றோருக்கு அப்படித் தோன்றுகிறது என்பதும் புரிகிறது. பேச்சு வராமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது ஒன்றரை வயதை ஒட்டி, இந்த ஊசியின் இரண்டாவது தவணையும் அப்போதுதான். ஒரு அம்மா அன்றைய தேதியோடு முடிச்சுப் போடுவதில் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் துயரத்தை வைத்துப் பணம் பார்த்தவரைத்தான் சொல்வேன். அவர் பேச்சைக் கேட்டு ஊசியைத் தள்ளிய வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பகுதியில் 2012-13-இல் 1,200 பேருக்கு மேல் தட்டம்மை என்று பதிவானது.

மேலூர் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா, வாத்தியார் சார், நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்தே காட்டினேன். சமோவா குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது "பாவம், யாரு பெத்த பிள்ளைகளோ" என்றார். இரண்டு குழந்தை ஊசியால் இறந்ததை நான் மறைக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. மாமாவைப் பற்றி நான் எதுவும் வாதாடவில்லை. அவருடைய பழைய மருத்துவச் சீட்டுகளை அத்தையே பீரோவில் இருந்து எடுத்தார், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் சர்க்கரை 340 என்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

புதன்கிழமை கூட வந்தார். குப்பியைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு மூடியைப் பார்த்தார். கலக்கிய நேரம் 10.20 என்று எழுதியிருந்தது, அப்போது மணி 10.45. அங்கே இருந்த செவிலியர் சிரித்துக்கொண்டே "பாருங்கம்மா, நல்லா பாருங்க" என்றார்.

இன்று ஏழாம் நாள். காலையில் இருந்து காய்ச்சல் 101. பால் குடிக்கிறான், கொஞ்சம் சிணுங்கல், நெஞ்சில் நாலைந்து சிவப்புப் புள்ளி. அத்தை முகம் மாறியிருக்கிறது, நான் "அக்கா சொன்னதுதானே" என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

புதன்கிழமை செவிலி:

பால் குடிக்கிறான், சிணுங்குகிறான் என்றால் நல்லதுதான் தங்கச்சி. பாரசிட்டமால் சொட்டு மருந்தை அவன் எடைக்கு எவ்வளவு என்று உங்கள் செவிலியரிடம் போனில் கேட்டுக் கொடுங்கள், போன முறை கொடுத்த அளவையே கொடுக்காதீர்கள், எடை ஏறியிருப்பான். சட்டையைத் தளர்த்தி வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, பால் குடிக்காமல் எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ இரவாக இருந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

அத்தையிடம் போனைக் கொடுங்கள், நான் எழுதியதை அவரும் ஒருமுறை படிக்கட்டும். நாளைக் காலை எப்படி இருக்கிறான் என்று இங்கேயே எழுதுங்கள்.